சில்லின் பெயரா, சொல்லின் ஒலியா?



சொல்வதெழுதுதலில் ஆசிரியர் 'வழி' என்று சொல்ல, 'வளி' என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கின்றனர். 'அறம்' 'அரம்' ஆவதும், 'மணம்' 'மனம்' ஆவதும் நாம் அன்றாடம் காண்பவையே. இத்தகைய பிள்ளைக்கு அறிக்கை அட்டையில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் கிடைக்கிறது: கவனக்குறைவு. அந்தப் பிள்ளையின் காதுக்கு எது போய்ச் சேர்ந்தது என்று நாம் கேட்பது அரிது. 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், பாடங்களை ஒலிப்பதிவாக அனுப்பும் வழக்கம் நம்மிடையே பரவியது. அன்றுமுதல் ஆசிரியரின் வாய்க்கும் மாணவரின் காதுக்கும் நடுவில் கருவிகள் பல வந்து அமர்ந்துவிட்டன. அவற்றுள் மிகச் சிறிய ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் பள்ளிக் கணினி அறையில் பல கணினிகளின் ஹெட்போன் துளை தளர்ந்துவிட்டது. சிலவற்றில் சுட்டியை அசைத்தால் காதில் ஒரு கிறீச்சொலி கேட்கும். நன்கொடையாக வந்த டேப்லெட் கணினிகளில் அத்துளையே இல்லை. ஆதலால், யூஎஸ்பி வழியாகச் செருகும் சிறு ஒலிமாற்றிகள் இருபது வாங்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்தது. கடைகளில் 'டோங்கல்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அவைதாம்.

எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். இசையில் ஈடுபாடு மிக்க தந்தை ஒருவர், இரண்டு சிரஸ் லாஜிக் சில்லுகள் பொருத்தப்பட்ட ஒன்றைப் புலனக் குழுவில் பரிந்துரைத்தார். ஒன்றின் விலை இருநூறு ரிங்கிட்டுக்கு மேல். மற்றொருவர், நாற்பது ரிங்கிட்டில் கிடைப்பதே போதும் என்றார். இருபதுக்குக் கணக்கிட்டால் வேறுபாடு மூவாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு அது விளையாட்டுத் தொகையன்று. ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் பணி என்னிடம் வந்தது. நான் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வேறு பள்ளிகளுக்கும் பயன்படக்கூடும்.

1. டோங்கலுக்குள் நடப்பது என்ன?

விரல் நீளமுள்ள அந்தக் கருவிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, கணினி அனுப்பும் எண்களை யூஎஸ்பி வழியாகப் பெற்றுக்கொள்வது. இரண்டாவது, அந்த எண்களை ஏறி இறங்கும் மின் அலையாக மாற்றுவது. ஆங்கிலச் சுருக்கத்தில் 'டேக்' எனப்படும் மாற்றி இதுவே. மூன்றாவது, அந்த மெல்லிய அலைக்கு ஹெட்போனை இயக்கும் அளவுக்கு வலுவூட்டுவது. இது பெருக்கியின் வேலை. ஒலிவாங்கி வசதியும் இருந்தால் நான்காவதாக ஒரு வேலை சேரும். பிள்ளையின் குரலை எண்ணாக மாற்றிக் கணினிக்குத் திருப்பி அனுப்புவது அது.

சில கருவிகளில் இவையனைத்தையும் ஒரே சில்லு செய்கிறது. சிலவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சில்லு உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது இரண்டாவது வேலையைச் செய்யும் சில்லின் பெயர் மட்டுமே. கல்யாண விருந்தில் ஒரேயொரு சமையற்காரரின் பெயரைப் பந்தல் வாசலில் எழுதி வைப்பதைப் போன்றது அது. அரிசி யார் வாங்கினார், பரிமாறியவர் யார் என்பதெல்லாம் பந்தலில் தெரியாது.

2. சில்லுகளின் குடும்பங்கள்

இத்தகைய டோங்கல்களில் நாம் அடிக்கடி காணும் பெயர்கள் சில.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் 'சேபர்' வரிசை முதலாவது. யூஎஸ்பி நினைவுக்கோல் அளவிலான மாற்றிகளை இசை அன்பர்களிடையே புகழ்பெறச் செய்தது ஆடியோகுவெஸ்ட் நிறுவனத்தின் டிராகன்ஃபிளை. 2012இல் வந்த அதில் ஈஎஸ்எஸ் சில்லு இருந்தது. 2016இல் அது கறுப்பு, சிவப்பு என இரு வடிவங்களில் வெளிவந்தது. கறுப்பு 1.2 வோல்ட்டும் சிவப்பு 2.1 வோல்ட்டும் தருபவை. இவ்வரிசையின் இஎஸ்9038கியூ2எம் என்னும் சில்லு இன்றும் பல டோங்கல்களில் உள்ளது. இதற்குள் ஹெட்போன் பெருக்கி கிடையாது. வேறொரு சில்லு அதைச் செய்யவேண்டும்.

இரண்டாவது, டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இயங்கும் சிரஸ் லாஜிக். எடின்பரோவில் இருந்த வொல்ஃப்சன் என்னும் பெயர்பெற்ற ஒலிச்சில்லு நிறுவனத்தை இது 2014இல் வாங்கியது. இதன் சிஎஸ்43131 சில்லினுள் மாற்றியும் பெருக்கியும் சேர்ந்தே உள்ளன. சிஎஸ்43198 அதன் உடன்பிறப்பு. அதில் பெருக்கி இல்லை. 'இரட்டைச் சில்லு' என்று விற்கப்படும் பலவற்றுள் இருப்பவை இரண்டு சிஎஸ்43131 சில்லுகளே.

மூன்றாவது, ஜப்பானிய நிறுவனமான ஏகேஎம். 2020 அக்டோபரில் நொபேயோக்கா நகரில் உள்ள இதன் ஆலை தீக்கிரையானது. உலகெங்கும் அதன் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல கருவிகள் தம் உள்ளுறுப்பை மாற்றிக்கொண்டன. எடுத்துக்காட்டாக, ஃபியோ நிறுவனத்தின் கே5 புரோ என்னும் மேசைக் கருவி ஏகேஎம் சில்லிலிருந்து ஈஎஸ்எஸ் சில்லுக்கு மாறியது. பெட்டி அதே பெட்டி. பெயரும் ஏறத்தாழ அதே பெயர். அந்தப் பெட்டியின் வேலையும் தொடர்ந்து நடந்தது.

நான்காவது, மலிவு விலைக் கருவிகளில் இருப்பவை. தைவானின் ரியல்டெக் சில்லுகளும், கோனெக்சாண்ட் வழிவந்த சிஎக்ஸ்31993 என்னும் சில்லும் இவ்வகையின. கோனெக்சாண்ட் நிறுவனத்தை 2017இல் சினாப்டிக்ஸ் வாங்கிவிட்டது. நாற்பது ரிங்கிட் டோங்கல் பெரும்பாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும்.

3. எண்கள் தரும் மயக்கம்

சிஎஸ்43131 சில்லின் தரவேட்டில் 130 டெசிபல் என்று போட்டிருக்கிறது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் இடையே அது காட்டக்கூடிய இடைவெளி அது. இஎஸ்9038கியூ2எம் சில்லுக்கு இவ்வெண் 129. குறுந்தட்டின் 16 பிட் ஒலிக்கு ஏறத்தாழ 96. எண் பெரிதாயிற்றே, ஒலியும் தெளிவாகும் அல்லவா என்று எண்ணத் தோன்றும்.

நம் வகுப்பறையை வைத்துக் கணக்கிடுவோம். ஆளில்லாத வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்காவின் வகுப்பறை ஒலியியல் தரநிர்ணயம். நம் பள்ளிகளில் மின்விசிறி சுழலும். திடலில் உடற்கல்வி நடக்கும். அவ்வளவு அமைதி கிடைக்காது. கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 75 டெசிபலில் பாடத்தை ஒலிபரப்பினால், இரைச்சலுக்கும் பாடத்துக்கும் இடையே இருப்பது வெறும் 40 டெசிபல். 96 டெசிபல் இடைவெளியே இங்குத் தேவைக்கு மிஞ்சியது. 130 எங்கே போய் உட்காரும்?

384 கிலோஹெர்ட்ஸ் என்னும் எண்ணும் அவ்வாறே. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதே அது. அளக்கும் வேகத்தில் பாதி அளவு வரையுள்ள அலைகளை முழுமையாக மீட்கலாம் என்பது அறிவியல் விதி. குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேகமே 22,050 ஹெர்ட்ஸ் வரை போதுமானது. மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்.

பெட்டியின் மேல் ஒட்டப்படும் முத்திரைகளையும் நம்பிவிட வேண்டா. 'எம்கியூஏ' என்னும் முத்திரைக்காகவே கூடுதல் விலை கொடுத்தவர்கள் உண்டு. அந்நிறுவனம் 2023இல் நொடித்து வேறொருவர் கைக்குப் போனது. அவ்வடிவில் பாடல்களை வழங்கிவந்த டைடல் சேவையும் 2024 ஜூலையில் அதைக் கைவிட்டது. சில்லு அப்படியே இருக்கிறது. முத்திரைக்குத்தான் வேலை இல்லை.

4. வலிமை கூடினால் நன்மையா?

பள்ளிகளில் நாம் வாங்கும் ஹெட்போன் பெரும்பாலும் 32 ஓம் மின்தடை கொண்டது. ஒரு மில்லிவாட் ஆற்றலுக்கு 100 டெசிபல் ஒலி தருவது என்று கொள்வோம். எளிய டோங்கல் ஒன்று 1 வோல்ட் தருமானால் ஹெட்போனுக்குப் போவது ஏறத்தாழ 31 மில்லிவாட். ஒலியோ 115 டெசிபலைத் தொடும். பாடம் கேட்கத் தேவையான 75 டெசிபலுக்கு ஒரு மில்லிவாட்டில் முந்நூறில் ஒரு பங்கே போதும். அதாவது, மிக மலிவான டோங்கலே நமக்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு வலிமை உடையது.

இங்கே பெற்றோர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட தரநிர்ணயம், குழந்தைகளுக்கு வாரம் 40 மணிநேரம் 75 டெசிபல் என்னும் அளவைப் பரிந்துரைக்கிறது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிவிடும். அக்கணக்கின்படி 90 டெசிபலில் ஒரு வாரத்துக்கு ஒன்றேகால் மணிநேரமே பாதுகாப்பானது. இரட்டைச் சில்லின் வலிமையைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, ஒலியளவுப் பொத்தானை யார் காவல் காப்பது? இழந்த செவித்திறனை எந்தச் சில்லும் திருப்பித் தராது.

அந்தத் தந்தையின் பரிந்துரை பிழையென்று நான் கூறவில்லை. 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்கு 1 வோல்ட் தருவது 3 மில்லிவாட்தான். அவருக்கு 2 வோல்ட் தரும் கருவி தேவை. மிக நுண்ணிய செவிச்செருகியில் இசை கேட்பவருக்குப் பின்னணிச் சீறல் குறைந்த சில்லும் தேவையே. அவை அவர் வீட்டுத் தேவைகள். நம் கணினி அறையின் தேவை வேறு.

5. ழகரம் எங்கே வாழ்கிறது?

இனி நம் மொழிக்கு வருவோம். ஒலிகள் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்துச் சொல்லியிருக்கிறது. இக்கால ஆய்வாளர்களும் அதைக் கருவிகொண்டு அளந்திருக்கின்றனர். ஷ்ரிகாந்த் நாராயணன், டேனி பர்ட், அபிகெயில் கான் ஆகிய மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளைக் காந்த ஒத்ததிர்வுப் படம் முதலியவற்றின் துணையோடு ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர்.

நாம் பேசும்போது வாயறை சில அலையெண்களை மட்டும் எடுப்பாக ஒலிக்கச் செய்கிறது. அவற்றுள் கீழிருந்து மூன்றாவது, ழகரத்தை ஒலிக்கும்போது வழக்கத்தைவிடத் தாழ்ந்து, ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்குகிறது. ழகரத்தைக் காது கண்டுகொள்ள உதவும் முதன்மையான அடையாளம் அதுவே. லகர, ளகர வேறுபாடுகளும் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே பெரிதும் அடங்கிவிடுகின்றன. 'பசி' என்பதில் வரும் சகரத்தின் உரசலுக்கு மட்டும் 8,000 ஹெர்ட்ஸ் வரை இடம் வேண்டும்.

இந்த எல்லையை மிக மலிவான சில்லும் எளிதாகத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் ழகரம் எங்கே தொலைகிறது? ஒலிவாங்கியை எட்ட வைத்துப் பதிவு செய்யும் இடத்தில் தொலைகிறது. மின்விசிறியின் இரைச்சலில் தொலைகிறது. சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியில் தொலைகிறது. கோப்பின் அளவைக் குறைக்க வேண்டி ஒலியைக் கசக்கிப் பிழியும்போது தொலைகிறது. பல வீடுகளில் 'வாழைப்பழம்' பேச்சிலேயே தொலைந்துவிடுகிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் ழகரமே கேட்டிராத பிள்ளைக்கு, அதைத் தெளிவாகக் கேட்கும் ஒரே வாய்ப்பு நம் வகுப்பறைப் பதிவாகவே இருக்கலாம். ஆகவேதான் இதைப் பெரிதாகக் கருதுகிறேன்.

6. நான் செய்துபார்த்த ஒப்பீடு

மூன்று டோங்கல்களை நண்பர்களிடமிருந்து இரவல் பெற்றேன். சிஎக்ஸ்31993 சில்லுடைய ஒன்று. இஎஸ்9038கியூ2எம் உடைய ஒன்று. இரட்டைச் சிஎஸ்43131 உடைய ஒன்று. கலை, களை, கழை. தலை, தளை, தழை. மரம், மறம் போன்ற முப்பது சொற்களை இருமுறை பதிவு செய்தேன். முதற்பதிவு விசிறி சுழலும் வகுப்பறையில், கைத்தொலைவில் வைத்த கைப்பேசியில். இரண்டாம் பதிவு அமைதியான அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்த ஒலிவாங்கியில்.

ஒப்பிடுமுன் ஒலியளவைச் சமன்செய்தல் இன்றியமையாதது. சற்றே உரக்க ஒலிப்பதைக் காது 'தெளிவு' என்று தவறாக எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த அலையெண் கொண்ட ஒரே சீரான ஒலியை இயக்கி, மின்பழுது பார்ப்போர் வைத்திருக்கும் மல்டிமீட்டரால் மூன்றின் வோல்ட்டையும் அளந்து ஒன்றாக்கினேன். பிறகு, எது எந்தக் கருவி என்று கேட்பவருக்குத் தெரியாதபடி சக ஆசிரியர் ஒருவர் மாற்றி மாற்றிச் செருகினார்.

சொற்களைக் கேட்டு மூன்றையும் என்னால் பிரித்தறிய இயலவில்லை. பழைய கணினியின் துளையை மட்டும் அதன் இரைச்சலால் உடனே அடையாளம் கண்டேன். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரையும் எழுதச் சொன்னோம். அவர்கள் தடுமாறிய இடங்கள் டோங்கல் மாறியபோது மாறவில்லை. பதிவு மாறியபோது மாறின. இஃது ஆய்வன்று, ஒரு வகுப்பறைச் சோதனையே. ஆயினும், பணத்தை எங்கே செலவிடுவது என்பதை முடிவுசெய்ய எனக்கு அது போதுமானதாக இருந்தது.

7. வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. ஒலிவாங்கி வசதி இருக்கிறதா? விலை உயர்ந்த இசை டோங்கல்கள் பலவற்றில் அது இல்லை. பிள்ளை வாசித்துப் பதிவு செய்ய வேண்டுமானால் அக்கருவி பயன்படாது. ஹெட்போன் முனையில் மூன்று கோடுகள் உள்ளனவா என்றும் பாருங்கள். இரண்டு கோடுகள் மட்டும் இருந்தால் அதில் ஒலிவாங்கி இல்லை.

2. பள்ளிக் கணினியில் தானாகவே இயங்குமா? யூஎஸ்பி ஒலியின் இரண்டாம் பதிப்பை விண்டோஸ் 10 தானாக ஏற்கத் தொடங்கியது 2017இல்தான். அதற்கு முந்தைய கணினிகளுக்கு முதற்பதிப்பில் இயங்கும் எளிய டோங்கலே தொல்லையற்றது.

3. வெளியீட்டு மின்தடை குறைவாக உள்ளதா? ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருத்தல் நலம். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம்.

4. கம்பி உறுதியானதா? பிள்ளைகளின் கையில் முதலில் உயிர்விடுவது சில்லன்று. கம்பி சேரும் கழுத்துப் பகுதியே.

5. புளூடூத் ஹெட்போன் போதுமே என்பவர்களுக்கு ஒரு சொல்: ஒலிவாங்கியைத் திறந்தவுடன் அவற்றுள் பல, தொலைபேசித் தரத்துக்கு ஒலியைக் குறுக்கிவிடும். வாசிப்புப் பயிற்சிக்குக் கம்பியே நன்று.

சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை இதுதான்: ஒலிவாங்கி வசதியுடைய எளிய டோங்கல் இருபது, மீதித் தொகையில் காதை நன்றாக மூடும் ஹெட்போன்கள், பதிவுக்கென நல்ல ஒலிவாங்கி ஒன்று. அந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, ழகரம் நன்கு வரும் ஆசிரியர் ஒருவர் ஆண்டு முழுதுக்குமான சொற்பட்டியலைப் பொறுமையாகப் பதிவு செய்துவிட்டால், அதன் பயன் எல்லா வகுப்புக்கும் போகும். எந்தச் சில்லும் அவ்வேலையைச் செய்யாது.

பெற்றோர்களே, புதுக்கருவி எதுவும் வாங்குமுன் வீட்டில் ஒரு சோதனை செய்துபாருங்கள். பிள்ளைக்கு எதிரே, வாய் தெரியாதபடி தாளால் மறைத்துக்கொண்டு, 'வலி, வளி, வழி' என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். பிள்ளை எழுதட்டும். நேரில் சொல்லும்போது சரியாக எழுதி, கருவியில் கேட்கும்போது தடுமாறினால் கருவியையும் பதிவையும் பாருங்கள். நேரிலும் தடுமாறினால், உங்கள் உச்சரிப்பு சரிதானா என்று கவனியுங்கள். ஐயமிருந்தால் காது மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். இரண்டையும் செய்தபிறகும் 'கவனக்குறைவு' என்னும் சொல் தேவைப்பட்டால், அப்போது எழுதிக்கொள்ளலாம்.